கடலோர அலுவலகக் கட்டடத்தைப் புயலுக்குத் தயார் செய்வது எப்படி? டாம்பா விரிகுடாவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2024 செப்டம்பர் 26 இரவு. ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடா ஓரத்தில், எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. அன்றிரவு ஹெலீன் புயலின் மையம் எங்களுக்கு மேற்கே 100 மைலுக்கும் அப்பால் கடலிலேயே வடக்கு நோக்கிப் போனது. கரையைக் கடந்ததோ இன்னும் வடக்கே, பெர்ரி என்ற ஊருக்கு அருகில். எங்கள் கட்டடத்தில் ஒரு கண்ணாடி கூட உடையவில்லை. ஆனால் மறுநாள் உள்ளே போனபோது தரைத்தள மின்சார அறையில் முழங்கால் அளவுக்குக் கடல்நீர் நின்றது. வாசலில் நாங்கள் நிறுத்திய தடுப்பு அசையாமல் அப்படியே இருந்தது. அப்புறம் நீர் எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த அறைதான் காரணம்.

புயல் என்றால் நம் மனதில் முதலில் வருவது காற்று. 2016இல் வார்தா சென்னையைக் கடந்ததை நினைத்தால் சாய்ந்து கிடந்த மரங்கள்தான் கண்முன் நிற்கின்றன. ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது கடல். காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல் கரையேறுவதை இங்கே ஸ்டார்ம் சர்ஜ் என்பார்கள். நான் கடலேற்றம் என்று எழுதுகிறேன். கடலின் அடித்தளம் ஆழமில்லாமல் வெகுதூரம் பரந்திருந்தால், தள்ளப்பட்ட நீர் கீழே இறங்க இடமில்லாமல் கரைமேல் ஏறும். தனுஷ்கோடியை ஒட்டிய பாக் நீரிணை அப்படி ஆழமற்றது. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையும் அப்படித்தான்.

ஹெலீன் வந்த இரவில், விரிகுடாவின் கரையிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் அளவுமானியில் நீர், வழக்கமான உயர் ஓதத்தைவிட (கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதில் உச்ச மட்டம்) 6 அடிக்கு மேல் ஏறியது. அதற்கு முந்தைய உச்சம் 1985இல் எலினா புயலின்போது பதிவான சுமார் 4 அடி. அந்த 4 அடியை மனதில் வைத்துத் தயாரானவர்கள் எல்லோரும் நனைந்தோம்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் சொல்லும் வகை 1, வகை 3, வகை 5 எல்லாம் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கின்றன. கடல் எவ்வளவு ஏறும் என்பது அந்த எண்ணில் இல்லை. கடலோரக் கட்டடத்துக்கு முக்கியமான எண் வேறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதல் படி: உங்கள் கட்டடத்தின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எத்தனை அடி நீர் வந்தால் உங்கள் கட்டடத்துக்குள் முதல் சொட்டு நுழையும்? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாவிட்டால், மற்ற எந்த ஏற்பாடும் குத்துமதிப்புதான்.

கட்டடத்துக்கு எலிவேஷன் சர்டிஃபிகேட் என்ற ஆவணம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எடுத்துவிடுங்கள். தரைத்தளம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, இயந்திரங்களும் மின்சாதனங்களும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பது அதில் இருக்கும். பக்கத்தில் ஃபீமாவின் (அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடம் வெள்ளம் ஏறும் ஏஇ மண்டலமா, அலையும் சேர்ந்து அடிக்கும் விஇ மண்டலமா, அடிப்படை வெள்ள மட்டம் எத்தனை அடி என்பதை அது சொல்லும். இந்த மட்டத்தை நூறாண்டு வெள்ளம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருஷத்தில் ஒரு முறையாவது வந்துவிட 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சர்டிஃபிகேட்டில் இருக்கும் உயரம் நாவ்டி 88 என்ற அளவை மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. கரையோர அளவுமானி பெரும்பாலும் நாளின் உயர்ந்த ஓதங்களின் சராசரியிலிருந்து கணக்கிடுகிறது. தேசியப் புயல் மையம் "தரைக்கு மேல் இத்தனை அடி" என்று அறிவிக்கிறது. மூன்றிலும் "6 அடி" என்று எழுதியிருந்தாலும் மூன்றும் ஒரே உயரம் அல்ல. சர்வேயரிடம் கேட்டு, மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றும் கணக்கை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புயல் வரும் நேரத்தில் உட்கார்ந்து போடுகிற கணக்கு அல்ல இது.

பிறகு பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்குப் போங்கள். ஒரு தூணில் மூன்று கோடுகள் போடுங்கள்: தரைத்தள மட்டம், உங்கள் பகுதியில் இதுவரை பதிவான உயர்ந்த நீர்மட்டம், அடிப்படை வெள்ள மட்டத்துக்கு 2 அடி மேலே நீல நிறத்தில் ஒன்று. காகிதத்தில் காட்டினால் தலையாட்டும் கட்டட உரிமையாளர், தன் நெஞ்சு உயரத்தில் ஒரு நீலக் கோட்டைப் பார்த்தால் நின்று கேள்வி கேட்பார். பணம் ஒதுக்க வைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாம் படி: நீலக் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணுங்கள்

இப்போது மின்சார அறைக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் முன்வாசலுக்கு அலுமினியப் பலகைத் தடுப்பு இருந்தது. பின்கதவுக்கும் சரக்கு இறக்கும் வாசலுக்கும் இருந்தது. எல்லாவற்றையும் நேரத்துக்கு மாட்டினோம். நீர் உள்ளே வந்த வழியோ தெருவிலிருந்து கட்டடத்துக்குள் மின்கம்பி வரும் தரையடிக் குழாய். தெருவோரக் கேபிள் தொட்டி மூழ்கியது. அதிலிருந்து நான்கு அங்குலக் குழாய் நேராக எங்கள் மின்சார அறைச் சுவருக்குள் வருகிறது. குழாயில் கம்பி போக மிச்சமிருந்த இடைவெளியை யாரும் அடைத்திருக்கவில்லை. வெளியே நீர் ஏற ஏற, உள்ளே குழாய் திறந்தே கிடந்தது. இரவு முழுக்க ஓடியிருக்கிறது.

அதனால் கதவுகளோடு நின்றுவிடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து பாருங்கள், வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை. மின்கம்பி, தொலைபேசி, இணையக் கேபிள் நுழையும் குழாய்கள், எரிவாயுக் குழாய் நுழையும் இடம், காற்றோட்ட ஜன்னல்கள், ஏ.சி. நீர் வடியும் குழாய், சுவர் விரிசல், இரண்டு கான்கிரீட் பகுதிகள் சேரும் இணைப்பு, லிஃப்ட் குழி. கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் படம் எடுங்கள். எங்கள் கட்டடத்தில் கடைசியில் 41 வந்தது. அதில் கதவுகள் வெறும் 5.

கேபிள் குழாய்களை, கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் அடைப்பான்களை வைத்து மூட வேண்டும். சாதாரண ஃபோம் தெளித்து மூடினால் நீரழுத்தத்துக்கு நிற்காது. மின்கம்பிக் குழாயைத் தொடுமுன் மின்வாரிய நிறுவனத்திடமும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமும் பேசுங்கள். அந்தக் கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

வடிகாலும் இதே போலத்தான். விரிகுடாவில் நீர் ஏறினால் தெரு மழைநீர் வடிகாலில் நீர் பின்னோக்கி ஓடிவரும். புயலே இல்லாத பெரிய ஓத நாட்களிலும் இதைத் தெருவில் பார்க்கலாம். கட்டடத்திலிருந்து வெளியே போகும் மழைநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் வால்வு தேவை. அது இல்லாவிட்டால் வாசலில் எவ்வளவு நல்ல தடுப்பு இருந்தாலும் தரைத்தளக் கழிவறை வழியாக வெள்ளம் உள்ளே எழும்பும். வால்வு இருக்கிறதா என்பதோடு விடாமல், திறந்து பார்த்து உள்ளே குப்பை சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதும் ஒரு முடிவு. தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தை உலர்வாக வைத்திருக்க முயலாதீர்கள். கணக்குப் பாருங்கள்: 20 அடி அகலக் கதவின் வெளியே 3 அடி நீர் நின்றால் அதன்மேல் விழும் தள்ளுவிசை சுமார் 2,600 கிலோ. ஏறக்குறைய இரண்டு சிறிய கார்களின் எடை. உள்ளே நீர் இல்லாமல் வெளியே மட்டும் நின்றால் சுவரே சாயலாம். அதனால் நிறுத்துமிடத்தில் நீரை வரவிட்டு, போகவும் விடும் திறப்புகள் வேண்டும். மூடிய பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலம் திறப்பு என்பது இங்குள்ள வெள்ளக் காப்பீட்டு விதி. தடுப்புக்கான பணத்தை மின்சார அறை, லிஃப்ட், முகப்புக் கூடம் ஆகிய மூன்றுக்கும் ஒதுக்குங்கள். பொதுவாக 3 அடிக்கு மேல் நீரைத் தடுக்க நினைத்தால், அதற்குமுன் கட்டமைப்புப் பொறியாளர் அந்தச் சுவரைக் கணக்கிட்டுத் தர வேண்டும். விஇ மண்டலத்தில், நீரை உள்ளே விடாமல் தடுக்கும் இந்த உலர்தடுப்பு முறைக்கு அனுமதியே இல்லை.

டாம்பா பொது மருத்துவமனை ஒரு தீவில், நீரோரத்தில் இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிப் பலகை பலகையாக நிறுத்தும் அக்வாஃபென்ஸ் என்ற தடுப்பை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஹெலீனில் அது தாங்கியது. பொருள் நல்லது என்பதோடு, அதை எப்படி நிறுத்துவது என்று பழகிய ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். உங்கள் தடுப்பு எதுவாக இருந்தாலும் வருஷம் ஒருமுறை, மே மாதத்தில், கடிகாரத்தை வைத்து முழுவதும் மாட்டிப் பாருங்கள். நாங்கள் முதல்முறை செய்தபோது இரண்டு மணி நேரம் என்று நினைத்த வேலைக்கு ஆறு மணி நேரம் ஆனது. ரப்பர் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது, ஒரு பை போல்ட்டைக் காணவில்லை, பின்கதவுப் பலகையை முன்கதவில் மாட்டி அரை மணி நேரம் போராடினோம். இப்போது ஒவ்வொரு பலகையிலும் நிறம் பூசி எண் எழுதியிருக்கிறோம். போல்ட்டுகள் அந்தந்தப் பலகையோடு கட்டித் தொங்குகின்றன.

மூன்றாம் படி: மின்சாரம், ஜெனரேட்டர், லிஃப்ட்

2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது கீழ் மன்ஹாட்டனில் பிராட் தெரு 75 என்ற அலுவலகக் கட்டடத்தில் நடந்தது, ஜெனரேட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் பாடம். ஜெனரேட்டர் உயரத்தில் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. அங்கே சர்வர்கள் வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியர்கள் பக்கெட் பக்கெட்டாக டீசலை 17ஆம் மாடிக்குப் படியேறித் தூக்கினார்கள். அதே புயலில் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையில் மின்சாரம் போய், முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

அதனால் ஜெனரேட்டர் உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். டீசல் டேங்க், எரிபொருள் பம்ப், தானாக மாற்றும் ஸ்விட்ச், அதற்குப் போகும் கம்பி, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் உங்கள் நீலக் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒன்று கோட்டுக்குக் கீழே இருந்தாலும் ஜெனரேட்டர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் டேங்க்கைத் தரையோடு கட்டிப் பிணையுங்கள். பாதி காலியான டேங்க் படகு மாதிரி மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். மாதம் ஒருமுறை சுமை இல்லாமல் ஓடவிடுவது போதாது. புயல் பருவத்துக்கு முன் உண்மையான சுமையோடு சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், பழைய டீசலைச் சோதித்து வடிகட்டுங்கள்.

முக்கிய மின்பலகையை மேல்மாடிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் உப்புநீர் பட்ட மின்பலகை என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரில் மூழ்கிய மோல்டட் கேஸ் பிரேக்கர்கள் என்ற மின்துண்டிப்பான்களைத் துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்பது மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான நீமாவின் வழிகாட்டுதல். பெரிய புயலுக்குப் பிறகு கரையோரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அதே பொருளைத் தேடுவார்கள். எங்கள் மின்பலகை வந்துசேரும்வரை மாதக்கணக்கில் வாடகை ஜெனரேட்டரில் ஓட்டினோம். அந்த வாடகையும் டீசலும் சேர்ந்து, மேல்மாடிக்கு மாற்ற ஒரு காலத்தில் வாங்கியிருந்த மதிப்பீட்டுத் தொகையை நெருங்கிவிட்டன.

லிஃப்டில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கும்படி அமைத்திருப்பார்கள். மழைநீர் பட்டு ஒரு சென்சர் பிசகினாலும் மணி அடிக்கும், லிஃப்ட் நேராக வெள்ளத்துக்குள் இறங்கும். குழியில் மிதவை ஸ்விட்ச் வைத்து, நீர் வந்தால் கீழே இறங்காதபடி லிஃப்ட் நிறுவனத்தைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். புயலுக்கு முந்தைய நாள் எல்லா லிஃப்ட்டையும் மேல்மாடிகளில் நிறுத்தி, உள்ளே ஆள் இல்லை என்று பார்த்து, மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: கூரையும் கண்ணாடியும்

காற்று முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆனால் இதில் பெரும்பகுதி கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவை நொறுக்கிய பிறகு இங்கே கட்டட விதிகள் கடுமையாயின. காற்றில் பொருள்கள் பறந்துவரும் பகுதியில் தரையிலிருந்து 30 அடி உயரம் வரையுள்ள கண்ணாடி, 9 பவுண்டு மரக்கட்டை நொடிக்கு 50 அடி வேகத்தில் மோதினாலும் தாங்க வேண்டும் என்று சோதிக்கிறார்கள். உங்கள் கண்ணாடி அந்தச் சோதனையில் தேறியதா என்று பழைய ஆவணங்களில் பாருங்கள். தேறாத பழைய கண்ணாடி என்றால் ஷட்டர் போடுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் பயன் ஒன்றும் இல்லை.

கூரையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஓரத் தகடு தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கூரை பிய்வது பெரும்பாலும் ஓரத்திலும் மூலையிலும்தான் தொடங்கும். ஏ.சி. பெட்டிகளின் கட்டுகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். கூரையில் கூழாங்கல் பரப்பியிருந்தால் அகற்றத் திட்டமிடுங்கள்; 1983இல் அலீசியா புயலின்போது ஹூஸ்டன் நகர மையத்தில் உயரக் கட்டடங்களின் கண்ணாடிகளைப் பெருமளவில் உடைத்தது அக்கம்பக்கத்துக் கூரைகளிலிருந்து பறந்த அந்தக் கற்கள்தான். வடிகால் வாய்களைச் சுத்தம் செய்யுங்கள். 2024 அக்டோபரில் மில்டன் புயலின்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. ஒரு வடிகால் வாய் இலையால் அடைபட்டால் அவ்வளவு நீரும் கூரைமேல் நிற்கும்.

அக்கம்பக்கத்தில் கட்டுமானக் கிரேன் நிற்கிறதா என்றும் பாருங்கள். மில்டனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர மையத்தில் ஒரு கிரேன் சரிந்து எதிரே இருந்த அலுவலகக் கட்டடத்தைக் கிழித்தது. அதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் அந்தப் பக்க அறைகளில் யாரையும் தங்கவிடாமல் இருக்க முடியும்.

ஐந்தாம் படி: காகித வேலைகள்

இதை ஏப்ரலில் முடியுங்கள். கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டில் வணிகக் கட்டடத்துக்கு 5 லட்சம் டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 5 லட்சம் டாலர் என்பதுதான் உச்சவரம்பு. எட்டு மாடிக் கட்டடத்துக்கு இது போதாது, மேலதிகத் தனியார் காப்பீடு வேண்டும். பாலிசி எடுத்து நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு தனியார் நிறுவனங்களும் புது பாலிசி எழுதமாட்டார்கள். காற்றுச் சேதப் பாலிசியில், முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். அதை டாலராக மாற்றி எழுதி உரிமையாளரிடம் காட்டுங்கள். சதவீதமாகக் கேட்கும்போது சிறிதாகத் தெரிவது, டாலரில் பார்த்தால் பெரிதாக இருக்கும்.

நீர் உறிஞ்சும் வண்டி, உலர்த்தும் இயந்திரங்கள், வாடகை ஜெனரேட்டர், டீசல் லாரி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள். கையெழுத்து இல்லாத வாய்வார்த்தை, புயலுக்கு மறுநாள் செல்லாது. இன்னொன்று: ஒரு நிறுவனமாவது 200 மைல் தள்ளி, வேறு நகரில் இருக்கட்டும். உள்ளூர் நிறுவனத்தின் வண்டிகளும் உங்களோடு சேர்ந்து மூழ்கியிருக்கலாம்.

வாடகைதாரர்களுக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். எப்போது மூடுவோம், யார் முடிவெடுப்பார், எந்த எண்ணில் செய்தி வரும், ஜன்னலோர மேசைகளிலிருந்து எதை எடுத்துவைக்க வேண்டும் என்பது அதில் இருந்தால் போதும். நாற்பது பக்கக் கையேட்டை யாரும் படிக்கமாட்டார்கள்.

ஆறாம் படி: நாட்களை எண்ணிச் செய்யும் வேலைகள்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். தேசியப் புயல் மையம் வெளியிடும் கூம்பு வடிவ வரைபடத்தைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். அது புயலின் மையம் போகக்கூடிய வழியை மட்டும் காட்டுகிறது, மையம் அதற்கு வெளியே போவதும் உண்டு. ஹெலீனின் மையம் எங்களுக்கு அருகில் கூட வரவில்லை.

எங்கள் கடிகாரம், வெப்பமண்டலப் புயல் அளவுக் காற்று வந்துசேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. மையம் கரையைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். காற்று பல மணி நேரம் முன்பே வந்துவிடும், விரிகுடாவின் பாலங்களை மூடிவிடுவார்கள், அக்கரையில் வீடுள்ள ஊழியர் திரும்பிப் போக முடியாது. காற்று எவ்வளவு சீக்கிரம் வரக்கூடும் என்று அந்த மையமே தனி வரைபடம் வெளியிடுகிறது. அதைப் பாருங்கள்.

ஐந்து நாள் முன்பு: ஒப்பந்தக்காரர்களை அழைத்து உறுதிசெய்யுங்கள், டீசலை நிரப்புங்கள், எல்லா அறைகளையும் வீடியோ எடுங்கள். காப்பீட்டுக்கு இந்த வீடியோ தங்கம் மாதிரி.

மூன்று நாள் முன்பு: வெளியே கிடக்கும் நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத் தொட்டி, பெயர்ப்பலகை எல்லாம் உள்ளே வர வேண்டும். நிறுத்துமிடத்திலிருந்து வண்டிகளை, முக்கியமாக மின்சார வண்டிகளையும் ஸ்கூட்டர்களையும் அகற்றுங்கள். உப்புநீர் புகுந்த லித்தியம் பேட்டரி நாட்கள் கழித்துக் கூடத் தீப்பிடிக்கும். 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் இது பலமுறை நடந்தது.

இரண்டு நாள் முன்பு கடலேற்ற முன்னறிவிப்பு வரும், ஆபத்து வர 36 மணி நேரம் இருக்கும்போது அது எச்சரிக்கையாக மாறும். "5 முதல் 8 அடி" என்பது போல ஒரு வீச்சு சொல்வார்கள். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு தூணுக்குப் போய்ப் பாருங்கள். சிறிய எண்ணுக்குத் தயாராவது சூதாட்டம். தடுப்புகளை இப்போதே மாட்டத் தொடங்குங்கள், ஒரு கதவை மட்டும் கடைசிவரை திறந்து வையுங்கள்.

கடைசி நாள்: லிஃப்ட் மேலே, எரிவாயு மூடல், ஆவணங்களும் சர்வர்களும் மேல்மாடியில். தரைத்தள மின்சாரத்தை எலக்ட்ரீஷியனே அணைக்கட்டும். கடைசிக் கதவின் தடுப்பையும் மாட்டிவிட்டு எல்லோரும் கிளம்புங்கள். எல்லோரும் என்றால் உண்மையிலேயே எல்லோரும். நீரோரக் கட்டடங்கள் பெரும்பாலும் ஏ வெளியேற்ற மண்டலத்தில்தான் இருக்கும், கட்டாய வெளியேற்றம் முதலில் அறிவிக்கப்படுவது அங்கேதான். பம்ப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நள்ளிரவில் நீர் ஏறும்போது அவனை மீட்க ஒரு படகும் வராது. பம்ப்பையும் நீர்மட்டத்தையும் கேமராவில் பார்த்துக்கொள்ளலாம்.

புயல் திசைமாறினால்? 2022இல் இயன் டாம்பாவுக்கு வரும் என்று பயந்தோம், அது தெற்கே கயோ கோஸ்டாவில் கரையேறியது. இந்தப் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மையம் நமக்குத் தெற்கே போனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், விரிகுடாவின் நீர் வெளியே இழுக்கப்பட்டுத் தரை தெரியும். மேற்கே போனால் தெற்கிலிருந்து வீசும் காற்று நீரை உள்ளே தள்ளும். சில மைல் வித்தியாசத்தில் ஒன்று மற்றொன்றாகிவிடும். வீணாகத் தடுப்பு மாட்டிய வருஷத்தை நான் ஒருபோதும் நட்டமாக எண்ணியதில்லை. எங்களுக்கு அது சம்பளத்தோடு ஒரு ஒத்திகை.

ஏழாம் படி: நீர் வடிந்த பிறகு

உள்ளே போகும் முதல் ஆள் எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும். தேங்கிய நீரில் மின்சாரம் இல்லை என்று அவர் சொல்லும்வரை வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. காலில், கையில் சிறு காயம் இருந்தால் கூட அந்த நீரில் இறங்கவேண்டாம். வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியா காயத்தின் வழியே புகுந்தால் உயிருக்கே ஆபத்து; இயன், ஹெலீன் இரண்டுக்கும் பிறகு ஃப்ளோரிடாவில் இந்தத் தொற்று கூடியது. முழங்கால்வரை பூட்ஸும் கையுறையும் கட்டாயம்.

லிஃப்ட் குழியிலோ அடித்தளத்திலோ நிறைய நீர் நின்றால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் இன்னும் ஊறியிருக்கும், உள்ளே காலியானால் வெளியழுத்தம் சுவரை உள்ளே தள்ளும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று படிப்படியாக இறைப்பது பாதுகாப்பு. பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். பூஞ்சணம் 24 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கிவிடும். அதனால் நனைந்த ஜிப்சம் பலகையை வெட்டியெடுப்பதிலும் காற்றை உலர்த்துவதிலும் ஒரு நாளைக் கூட வீணாக்காதீர்கள். காப்பீட்டு அலுவலர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. படம் எடுத்துவிட்டு, வெட்டிய ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் துண்டை எடுத்துவைத்துவிட்டு, வேலையைத் தொடங்குங்கள்.

கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவரில் நீர் விட்டுப்போன கறைக்கோட்டின் உயரத்தை அளந்து, தேதியோடு தூணில் எழுதுங்கள். இதைவிட நம்பகமான முன்னறிவிப்பு வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. முதல் படியில் போட்ட மூன்று கோடுகளில் நடுக்கோடு இனிமேல் இதுதான்.

ஹெலீனுக்குப் பதின்மூன்றாம் நாள் மில்டன் வந்தது. தெருவோரம் நனைந்த சோபாக்களும் கம்பளங்களும் இன்னும் குவிந்துகிடந்தன, காற்றில் அவை பறக்குமே என்று ஊரே பதறியது. நாங்கள் அந்தப் பதின்மூன்று நாட்களுக்குள் கேபிள் குழாய்களை எல்லாம் அடைத்திருந்தோம். மில்டன் தெற்கே கரையேறியதால் விரிகுடா வற்றியது, கடல் எங்களிடம் வரவேயில்லை. அந்த அடைப்புகளைக் கடல் இன்னும் சோதிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு மே மாதமும் மின்வாரிய ஆட்கள் வந்து தெருவோரத் தொட்டியைத் திறக்கிறார்கள். நாங்கள் அதில் நீரை நிரப்பிவிட்டு, உள்ளே மின்சார அறையின் தரையில் உலர்ந்த காகிதத்தை விரித்து, ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம்.